பச்சை விளக்கு மினுங்குதாப்பா?

"பச்சை விளக்கு மினுங்குதாப்பா?"

"இரு, கண்ணாடியப் போட்டுக்கறேன்… சிவப்பு ஒண்ணு நின்னு எரியுது. பக்கத்துல பச்சை விட்டு விட்டு எரியுது."

"அப்ப சரி. ரெண்டு நிமிஷம் அப்படியே விடுங்க, தொடாதீங்க."

சிட்னியின் கெல்லிவில்லில் அப்போது இரவு 9.30. கும்பகோணத்தில் மாலை 5 மணி. அப்பா ஹாலில் ரௌட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் இங்கே சமையலறை மேஜையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டு நிமிஷம் என்று சொன்னது நாலு ஆயிற்று. பிறகு கும்பகோணத்துப் பெட்டி என் வீட்டுப் பெட்டியை அழைத்தது. ஒரே ஒரு வரிதான் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஹார்ட் டிஸ்க் செத்துப்போய், மகளின் முதல் இரண்டு வருடப் படங்களில் பாதி போய்விட்டது. அன்றைக்கே முடிவு செய்தேன். எங்கள் குடும்பப் படங்கள், அப்பா ஸ்கேன் பண்ணி வைத்திருக்கும் பழைய ஆல்பங்கள், அம்மா பேசிப் பதிந்து அனுப்பிய சமையல் குறிப்புகள் எல்லாம் இரண்டு ஊரில், இரண்டு பெட்டியில் இருக்க வேண்டும். ஒன்று கெல்லிவில்லில், இன்னொன்று கும்பகோணத்தில். இரண்டுக்கும் மானிட்டர் கிடையாது, கீபோர்டு கிடையாது, மௌஸ் கிடையாது. ஹெட்லெஸ் சர்வர் என்கிறார்களே, அது.

கம்பராமாயணத்தில் ஆரணிய காண்டத்தில் கவந்தன் வருவான். தலை இருக்காது, முகம் வயிற்றில் இருக்கும், கை மட்டும் காடு முழுக்க நீளும். இந்தப் பெட்டிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவன்தான் நினைவுக்கு வருகிறான். பார்க்க முகமில்லை, ஆனால் நெட்வொர்க் வழியாக நீளும் கை இருக்கிறது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் எல்லா வேலையும் செய்ய வேண்டும். கை விட்டுப்போனால் நம்மிடம் ஒன்றுமில்லை.

முதலில் கெல்லிவில் பெட்டி. ஏதோ அலுவலகத்திலிருந்து கழித்த சின்ன மேஜைக் கணினி, பழசு வாங்கினேன். லினக்ஸ் ஏற்றும்போது மட்டும் மானிட்டர் கடன் வாங்கி மாட்டினேன். மானிட்டரைக் கழற்றுவதற்கு முன் பயாஸில் இரண்டு விஷயம் மாற்ற வேண்டும், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒன்று, பழைய பெட்டிகள் சில கீபோர்டு இல்லையென்றால் 'கீபோர்டு எரர், எஃப்1 அழுத்து' என்று நின்றுவிடும். கீபோர்டே இல்லாதபோது எதை அழுத்துவது? அந்தச் சோதனையை அணைத்துவிடுங்கள். இரண்டாவது, கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்திருக்கும்படி சொல்லிவிடுங்கள். 'ஏசி பவர் ரெகவரி' என்றோ அதுபோல் வேறு பெயரிலோ இருக்கும், 'பவர் ஆன்' என்று வையுங்கள். இந்த இரண்டையும் தலை இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

பெட்டியை முதலில் கராஜில்தான் வைத்திருந்தேன். ஒரு கோடை தாண்டியதும் உள்ளே கொண்டுவந்துவிட்டேன். எங்களுக்கு மேற்கே இருக்கும் பென்ரித்தில் 2020 ஜனவரி 4-ஆம் தேதி 48.9 டிகிரி அடித்தது. அந்த மாதிரி நாளில் தகரக் கதவு போட்ட கராஜுக்குள் மின்விசிறி தேய்ந்த பெட்டியை விட்டுவைக்க மனசு வரவில்லை. இப்போது படுக்கைவிரிப்பு அடுக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில், கதவு கொஞ்சம் திறந்தபடி இருக்கிறது.

கும்பகோணத்துக்கு ராஸ்ப்பெரி பை, 3 பி பிளஸ். உள்ளங்கை அளவுதான், மின்சாரமும் கொஞ்சம்தான் குடிக்கும், வீட்டு இன்வர்ட்டரே தாங்கும். இதற்கு மானிட்டரே மாட்டாமல் ஆரம்பிக்கலாம். எஸ்டி கார்டில் எழுதும்போதே, 'ராஸ்ப்பெரி பை இமேஜர்' மென்பொருளில் பெட்டியின் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு, வைஃபை விவரம், தொலைவிலிருந்து உள்ளே நுழைய எஸ்எஸ்எச் வேண்டுமா என்பது எல்லாம் கேட்கும். நிரப்பிவிட்டால் போதும், முதல் தடவை உயிர் வரும்போதே கதவு திறந்திருக்கும். முன்பெல்லாம் இவ்வளவும் தேவைப்படவில்லை. 'பை' என்று பயனர், 'ராஸ்ப்பெரி' என்று பாஸ்வேர்டு, எல்லார் வீட்டிலும் அதேதான், எஸ்எஸ்எச்சும் திறந்தே இருந்தது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் அறுபது சொச்சம் தொழிற்சாலை பாஸ்வேர்டுகளை வைத்துக்கொண்டே உலகமெங்கும் கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. அந்த வருடம் நவம்பரில் ராஸ்ப்பெரி பைக்காரர்கள் எஸ்எஸ்எச்சை இயல்பாகவே மூடிவைத்தார்கள். 2022 ஏப்ரலில் 'பை' என்ற பொதுப் பயனரையே எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு. கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

பாஸ்வேர்டைவிடச் சாவி நல்லது. மடிக்கணினியில் ஒரு ஜோடி செய்துகொள்ளுங்கள், இப்போதைக்கு 'ஈடி25519' வகை போதும். ஜோடியில் ஒன்று பூட்டு மாதிரி, எந்தப் பெட்டியில் வேண்டுமானாலும் மாட்டலாம், ஊருக்கே காட்டலாம். மற்றது சாவி, மடிக்கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. இமேஜரில் அந்தப் பூட்டை ஒட்டிவிட்டால் கார்டிலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒன்று மட்டும் கவனம்: சாவியில் நுழைந்தாலும் பயனரின் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதிப் பத்திரமாக வையுங்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

கார்டைச் செருகி, லேன் வயரை ரௌட்டரில் மாட்டி, கரண்ட் கொடுத்தாயிற்று. இப்போது பெட்டி எங்கே இருக்கிறது? அதற்கு ரௌட்டர் ஒரு முகவரி கொடுத்திருக்கும், நமக்குத் தெரியாது. முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். பெட்டிக்கு 'குடந்தை' என்று பெயர் வைத்திருந்தால், அதை ஆங்கில எழுத்தில் எழுதிப் பின்னால் 'டாட் லோக்கல்' சேர்த்து. அநேகமாகப் பதில் வரும். வராவிட்டால் ரௌட்டரின் பக்கத்துக்குள் போய், யார் யாருக்கு முகவரி கொடுத்திருக்கிறது என்ற பட்டியலைப் பாருங்கள். புதிதாக முளைத்த பெயர்தான் உங்களுடையது. கண்டுபிடித்த கையோடு அந்த முகவரியை அதற்கே நிரந்தரமாக ஒதுக்கும்படி ரௌட்டரில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் மறுபடி தேட வேண்டியிருக்கும்.

முதல் தடவை எஸ்எஸ்எச்சில் நுழையும்போது ஒரு நீளமான கைரேகையைக் காட்டி, 'இந்தப் பெட்டியை எனக்குத் தெரியாது, தொடரலாமா?' என்று கேட்கும். நம்மில் பெரும்பாலோர் படிக்காமலே 'யெஸ்' அடிக்கிறோம். நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் அடித்தேன். அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1995-இல் பின்லாந்தில், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் யாரோ ஒளிந்திருந்து பாஸ்வேர்டுகளைத் திருடினார்கள். அப்போது தொலைவிலிருந்து நுழைய டெல்நெட் போன்றவைதான், பாஸ்வேர்டு அப்படியே வெட்டவெளியில் வயரில் போகும். அங்கே இருந்த டாட்டு யுலோனென் அந்த வருடமே எஸ்எஸ்எச்சை எழுதினார். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23, நடுவில் காலியாகக் கிடந்த 22-ஆம் எண்ணைக் கேட்டு வாங்கினார். இன்று நாம் தட்டும் கதவு அதே 22. வயரில் போவதை ஒளித்தால் மட்டும் போதாது, எதிரே இருப்பது நம் பெட்டிதானா என்றும் தெரிய வேண்டும். அதற்குத்தான் கைரேகை.

அதனால் இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தேன். கும்பகோணத்துப் பெட்டியை என் வீட்டிலேயே, என் ரௌட்டரிலேயே மாட்டி முதலில் நுழைந்தேன். காட்டிய கைரேகையை நோட்டில் எழுதிக்கொண்டேன். ஏறக்குறைய ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போன பிறகும் அதே கைரேகைதான் தெரிய வேண்டும். தெரிந்தது.

ஊருக்குப் போகும் நண்பரிடம் கொடுத்தனுப்பும் முன் பெரிய சிக்கல் ஒன்றைத் தீர்க்க வேண்டியிருந்தது. கும்பகோணத்து வீட்டு இணைப்புக்குச் சொந்தமாகப் பொது முகவரி கிடையாது. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே முகவரி, சிஜிநாட் என்பார்கள். ரௌட்டரின் பட்டியலில் வெளிமுகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் ஆரம்பித்தால் நீங்களும் அதற்குள்தான். அந்த வரிசையை 2012-இல் இதற்காகவே ஒதுக்கினார்கள். அந்தக் காலத்து விடுதித் தொலைபேசி மாதிரி: உள்ளிருந்து வெளியே பேசலாம், வெளியிலிருந்து குறிப்பிட்ட ஓர் அறைக்கு நேராக அழைக்க முடியாது. ரௌட்டரில் போர்ட் திறந்துவிடுவதெல்லாம் அங்கே பலிக்காது.

பலித்தாலும் செய்யக் கூடாது என்பது என் கட்சி. 22-ஐ உலகத்துக்குத் திறந்து வைத்துவிட்டுப் பதிவேட்டைப் பாருங்கள். சில மணி நேரத்துக்குள் 'ரூட்', 'அட்மின்', 'பை' என்று முன்பின் தெரியாத முகவரிகள் தட்டிக்கொண்டே இருக்கும். 2024 மார்ச்சில் நடந்ததை மறக்க முடியாது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளில் யாரோ எஸ்எஸ்எச்சுக்கு ஒரு கள்ளக் கதவு வைத்திருந்தார்கள். எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான் அது வெளிவந்தது. பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கதவு தெருவைப் பார்த்து இருக்க வேண்டியதில்லை.

எனவே வயர்கார்டு, இரண்டு பெட்டிக்கும் நடுவே தனிச் சுரங்கம் போடும் மென்பொருள். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6-இலிருந்து கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. கெல்லிவில்லில் எனக்குப் பொது முகவரி இருக்கிறது, அங்கே ஒரே ஒரு யூடிபி போர்ட் மட்டும் திறந்தேன். சரியான சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்லாது, வீட்டில் ஆள் இருப்பதே தெரியாது. கும்பகோணத்துப் பெட்டி எழுந்தவுடன் தானே கெல்லிவில்லை அழைக்கும். 25 நொடிக்கு ஒரு தடவை 'இருக்கிறேன்' என்று ஒரு சின்னத் துணுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நடுவில் இருக்கும் சிஜிநாட் அந்தப் பாதையை மறந்துவிடாமல் இருக்க அது அவசியம். அந்தச் சுரங்கம் திறந்தவுடன் நான் இங்கிருந்து அதே வழியில் உள்ளே போய்விடலாம். இரண்டு பக்கமும் பொது முகவரி இல்லாதவர்களுக்கு டெய்ல்ஸ்கேல் போன்ற சேவைகள் இதையே நடுவில் ஆள் வைத்துச் செய்துகொடுக்கின்றன. தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

மேலே சொன்ன பச்சை விளக்கு, அந்தச் சுரங்கம் முதல் தடவை திறந்த அன்றைய கதை. அதற்கு மூன்று வாரம் கழித்து நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிறு, கும்பகோணத்துப் பெட்டியில் ஃபயர்வால் போடலாம் என்று உட்கார்ந்தேன். யுஎஃப்டபிள்யூவை இயக்கினேன். 'இருக்கிற எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்துபோகலாம், தொடரவா?' என்று அது கேட்டது. 22-ஐ அனுமதித்துவிட்டேன் என்ற நினைப்பில் 'ஒய்' அடித்தேன். அனுமதித்தது கெல்லிவில் பெட்டியில், போன வாரம். திறந்திருந்த ஜன்னல் மட்டும் அறுபடாமல் நின்றது. எல்லாம் சரி என்று அதை மூடிவிட்டு மறுபடி நுழையப் போனால் கதவு இல்லை. வயர்கார்டு சுரங்கம் உயிரோடு இருந்தது, அதன் மறுமுனையில் ஃபயர்வால் வாயை மூடிக்கொண்டிருந்தது. அணைத்துப் போட்டாலும் பயனில்லை, எழுந்தவுடன் அந்த விதிகளும் கூடவே எழுந்துவிடும்.

அப்பாவைக் கூப்பிட்டேன். டிவியிலிருந்து செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ வயரைக் கழற்றிப் பெட்டியில் மாட்டச் சொன்னேன். பக்கத்து வீட்டில் ஒரு கீபோர்டு கடன் வாங்கினார். தலையில்லாத பெட்டிக்கு அன்று சாயங்காலம் தலை வந்தது, நாற்பத்து மூன்று அங்குலத்தில். அப்பா அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டியவர். நான் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல விரலைப் பார்க்காமல் அடித்தார். பயனர் பெயர் ஏறியது. பாஸ்வேர்டில் நின்றுவிட்டார்.

"ஒண்ணுமே விழமாட்டேங்குதுப்பா."

"விழாதுப்பா. நட்சத்திரம்கூட வராது. முழுசா அடிச்சுட்டு என்டர் தட்டுங்க."

"கண்ணக் கட்டிட்டு அடிக்கிற மாதிரி. அதுக்கென்ன, பழக்கம்தான்."

முதல் தடவையிலேயே உள்ளே போனார். நோட்டில் எழுதிவைத்த பாஸ்வேர்டு உதவியது இங்கேதான்: எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டை மூடிவிட்டாலும், நேரில் கீபோர்டு மாட்டினால் அது செல்லும். 'எஸ் யு டி ஓ, ஒரு இடம், யு எஃப் டபிள்யூ, ஒரு இடம், டி ஐ எஸ் ஏ பி எல் ஈ.' என்டர். என் ஜன்னலில் கும்பகோணம் திரும்பி வந்தது. அப்பா டிவி வயரை மறுபடி மாட்டிவிட்டு, "வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லு, செய்தி ஆரம்பிக்கப் போவுது" என்றார்.

அப்பா இல்லாவிட்டால்? இந்தக் கேள்வி ரொம்ப நாள் கூடவே வந்தது. அதற்குப் பதில், இங்கிருந்து ஏறக்குறைய நாலு மணி நேரக் கார்ப் பயணத்தில், கான்பெராவுக்கு வெளியே டிட்பின்பில்லாவில் இருக்கிறது. அங்கே டிஎஸ்எஸ்-43 என்ற 70 மீட்டர் ஆண்டெனா. 1977-இல் கிளம்பிய வாயேஜர் 2 விண்கலத்துக்குக் கட்டளை அனுப்ப உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான். நெப்டியூனைக் கடந்தபோது விண்கலம் தெற்கே திரும்பிவிட்டது, வடகோளத்து ஆண்டெனாக்களின் கண்ணுக்குத் தெரியாது. 2023 ஜூலை 21-ஆம் தேதி போன கட்டளைகளில் ஒரு பிழை. விண்கலத்தின் ஆண்டெனா பூமியை விட்டு 2 டிகிரி திரும்பிவிட்டது. பேச்சு நின்றது. 1,990 கோடி கிலோமீட்டர் தூரம், ஒரு சொல் போய்ச் சேர 18.5 மணி நேரம். டிவி மாட்ட அங்கே யாரும் இல்லை.

அதைப் படித்தபோது என் வயிற்றில் ஏதோ செய்தது. தூரம் வேறு, தப்பு ஒன்றே. அதை அனுப்பியவர்களின் அந்த இரவை என்னால் கற்பனை செய்ய முடிகிறது. ஆகஸ்ட் முதல் தேதி வாக்கில் விண்கலத்தின் மெல்லிய சமிக்ஞை கேட்டது, உயிரோடு இருக்கிறது என்று தெரிந்தது. பிறகு டிட்பின்பில்லாவிலிருந்து பலம் முழுவதையும் சேர்த்து, திரும்பி நில் என்று ஒரு கட்டளையைக் கத்தினார்கள். 37 மணி நேரம் காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 4-ஆம் தேதி பதில் வந்தது.

என்னை நிறுத்தியது இன்னொரு விவரம். அந்தக் கத்தல் பலிக்காமல் போயிருந்தாலும் அக்டோபர் 15-ஆம் தேதி வாயேஜர் 2 தானாகவே பூமியைத் தேடித் திரும்பியிருக்கும். வருடத்தில் சில தடவை அப்படித் தன்னைச் சரிசெய்துகொள்ளும்படி முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் தப்புச் செய்வோம் என்று தெரிந்து, தப்புச் செய்வதற்கு முன்பே, பெட்டிக்குள் வைத்த திரும்பும் வழி.

இப்போது நானும் அதைச் செய்கிறேன். ஃபயர்வாலையோ நெட்வொர்க்கையோ தொடுவதற்கு முன், பெட்டியிடம் 'ஐந்து நிமிடத்தில் ஃபயர்வாலை அணைத்துவிடு' என்று ஒரு வேலையைக் கொடுத்துவிடுகிறேன். அதை டீமக்ஸுக்குள் ஓட விடுகிறேன், என் இணைப்பு அறுந்தாலும் உள்ளே வேலை நிற்காது. பிறகுதான் மாற்றம். இரண்டாவது ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்க்கிறேன். நுழைய முடிந்தால் அந்த வேலையை ரத்து செய்கிறேன். முடியாவிட்டால் கைகட்டி உட்கார்ந்தால் போதும், ஐந்தாவது நிமிடம் கதவு தானாகத் திறக்கும். உபுண்டுவில் நெட்வொர்க் மாற்ற 'நெட்ப்ளான் ட்ரை' இருக்கிறது: 120 நொடிக்குள் நாம் சரி சொல்லாவிட்டால் பழையபடி திருப்பிவிடும். ஜூனிப்பர் ரௌட்டர்களில் 'கமிட் கன்ஃபர்ம்ட்', சொல்லாமல் விட்டால் பத்து நிமிடம். எஸ்எஸ்எச் அமைப்பை மாற்றினால், மறுதொடக்கத்துக்கு முன் 'sshd -t' என்று பிழை பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஜன்னலை மட்டும், புதியது திறக்கும் வரை, தொடாதீர்கள்.

கும்பகோணத்துக்கு இன்னொரு பொருளும் அனுப்பியிருக்கிறேன்: யுஎஸ்பி சீரியல் வயர். பெட்டியின் ஊசிகளில் 6, 8, 10 மூன்றும் போதும், வேகம் 115200. 3.3 வோல்ட் வயர்தான் வாங்க வேண்டும், 5 வோல்ட் பட்டால் பெட்டி போய்விடும். நெட்வொர்க் செத்தாலும் அப்பாவின் மடிக்கணினியில் அதைச் செருகினால் பெட்டியோடு பேசலாம். இதுவரை தேவைப்படவில்லை.

வேலைக்குப் போகும்போது கெல்லிவில் மெட்ரோவில் முன்பெட்டியில் நின்றுகொள்வேன். ஓட்டுநர் அறை இல்லாத ரயில், முன் கண்ணாடி முழுக்க நமக்குத்தான். தண்டவாளம் மேம்பாலத்திலேயே போய், பெல்லா விஸ்டா தாண்டியதும் சுரங்கத்துக்குள் இறங்கும். அதற்குள் போனில் இரண்டு பெட்டியையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுவது பழக்கமாகிவிட்டது. இரவு பிரதி எடுக்கும் வேலை முடிந்ததா, கும்பகோணத்தில் கரண்ட் போனதா, கார்டில் எவ்வளவு இடம் மிச்சம்.

போன செவ்வாய் அப்படிப் பார்த்தபோது ஒரு புதிய ஃபோல்டர் இருந்தது. நான் போட்டதில்லை. அப்பா தன் கணினியிலிருந்து தானாகவே போட்டிருக்கிறார். டெர்மினலில் தமிழ் எழுத்து கொஞ்சம் விலகித் தெரியும், கொம்பு ஓர் இடம், எழுத்து ஓர் இடம். பெரிதாக்கிப் படித்தேன். 'அம்மா கல்யாணத்துக்கு முன்' என்று பெயர் வைத்திருந்தார். உள்ளே நாற்பத்தொரு படம். இரவே கெல்லிவில்லுக்கும் வந்து சேர்ந்திருந்தது.